கேஸ் ஸ்டடி வைத்து வணிக மொழி சொல்லிக்கொடுப்பது: சேலத்து வகுப்பிலிருந்து சில கேள்விகள், பதில்கள்

சேலத்தில் ஒரு சேகோ (ஜவ்வரிசி) வியாபாரியிடம் சில வருஷம் கணக்கும் கடிதமும் எழுதிக்கொண்டிருந்தவன் நான். இப்போது பகலில் கல்லூரிப் பிள்ளைகளுக்கும், சாயங்காலம் கடை, பட்டறை, லாரி ஆபீஸ் ஆட்களுக்கும் வணிகக் கடிதம், போன் பேச்சு, பேரம், மீட்டிங் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு கேஸ் ஸ்டடி வைத்துத்தான் நடத்துகிறேன் என்று தெரிந்ததும் மற்ற ஆசிரியர்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை விட இங்கே எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

கேஸ் ஸ்டடி என்று எதைச் சொல்கிறீர்கள்? அது கதையா?

பாதிக் கதை. ஒரு ஆள் மாட்டிக்கொண்டு நிற்கிற இடம் வரைக்கும் கதை இருக்கும், அதற்கு மேல் இருக்காது. அவர் கையில் என்னென்ன தகவல் இருக்கிறதோ, பில், வாட்ஸ்அப் மெசேஜ், பழைய பாக்கி, முதலாளி போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தை, அத்தனையும் மாணவர் கையிலும் இருக்கும். இனி அவர் யாரிடம் என்ன சொல்லப்போகிறார் என்பதுதான் வகுப்பு. முடிவும் எழுதியிருந்தால் அது கேஸ் இல்லை, வெறும் செய்தி.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

சட்டக் கல்லூரியிலிருந்து. 1870 வாக்கில் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் லாங்டெல் என்பவர் விரிவுரையை விட்டுவிட்டு பழைய தீர்ப்புகளைப் படிக்கவைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். 1908-ல் தொடங்கிய ஹார்வர்டு வணிகப் பள்ளி அதையே தொழில் படிப்புக்குக் கொண்டுவந்தது, அங்கே முதல் கேஸ் 1921-ல் வந்தது, ஒரு செருப்புக் கம்பெனியைப் பற்றியது. நம் நாட்டில் 1961-ல் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம். ஹார்வர்டின் துணையோடு இந்த வழியைப் பிடித்துக்கொண்டது. மொழி வகுப்புக்கு இது பிறகுதான் வந்தது, அதனால்தான் நிறையப் பேர் எம்.பி.ஏ. கேஸை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

ஏன், எம்.பி.ஏ. கேஸையே எடுத்தால் என்ன?

இருபது பக்கம் இருக்கும். பின்னால் நாலு பக்கத்துக்கு அட்டவணை. நம் மாணவர் அகராதியும் கையுமாக அதைப் படித்து முடிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடும். இன்னொன்று, அங்கே கேட்கிற கேள்வி "இந்தக் கம்பெனி என்ன முடிவு எடுக்க வேண்டும்?" என்பது. மொழி வகுப்பில் நாம் கேட்க வேண்டியது அதற்கு அடுத்த கேள்வி: முடிவு எதுவாக இருந்தாலும் சரி, அதை எதிராளியிடம் எப்படிச் சொல்வாய்? ஆர்டரை ரத்து செய்வது ஒரு முடிவு. ரத்து செய்தபிறகும் அந்த ஆள் அடுத்த வருஷம் நம்மிடமே வருகிற மாதிரி ரத்து செய்வதற்கு வேறு திறமை வேண்டும்.

என் கேஸ் ஒன்றரைப் பக்கம். அதற்கு மேல் போனால் நானே வெட்டிவிடுவேன்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகம் வைத்து வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக்கொடுத்தால் ஆகாதா? அதுதானே சுலபம்?

சுலபம்தான், யார் இல்லை என்றார்கள். "மன்னிப்புக் கேட்பதற்குப் பத்து வாக்கியங்கள்" என்று எழுதிப்போட்டால் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று அந்தப் பட்டியல் சொல்லாது. சரக்கு தாமதம், தப்பு பாதி நம்முடையது, பாதி அவருடையது, அவர் போன மாதத்துப் பணமே இன்னும் தரவில்லை. இப்போது முழு மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொடுத்தால் நாளைக்கு அந்தக் கடிதத்தையே காட்டிப் பணத்தைப் பிடித்துக்கொள்வார். கேட்காமல் விட்டால் உறவு போச்சு. இந்த இக்கட்டில் நிற்கிறபோதுதான் "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்பதும் "எங்கள் தவறால் ஏற்பட்ட தாமதம்" என்பதும் ஒன்றில்லை என்று பையனுக்கு உறைக்கும். பட்டியலில் ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வரி.

ஒரு கேஸை முழுசாகக் காட்டுங்களேன்.

நான் அதிகம் பயன்படுத்துவது கொலுசு கேஸ். சேலத்தில் பாதிப் பேருக்கு வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வெள்ளி வேலை இருக்கும், அதனால் சொற்களை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆட்களும் பட்டறையும் கற்பனைதான், நடப்பு மட்டும் கற்பனை இல்லை.

சிவதாபுரம் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறை. விஜயவாடா வியாபாரி ஒருவர் 300 ஜோடி கேட்டிருக்கிறார், ஜோடிக்கு ஐம்பது கிராம், ஆக மொத்தம் 15 கிலோ. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், வெள்ளிக்கிழமைக்குள் கடையில் இருக்க வேண்டும். புதன்கிழமை அவர் போன் செய்தபோது ஓனர், "ரெண்டு நாள்ல பார்த்துரலாங்க" என்று சொல்கிறார். பக்கத்தில் இருந்த மேனேஜர், எழுத்திலும் போய்விடட்டும் என்று நல்ல எண்ணத்தில், "வில் டிஸ்பேட்ச் இன் டூ டேஸ்" என்று மெசேஜ் தட்டிவிடுகிறார். (சேலத்தில் தெலுங்கு பேசத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் எழுத்து என்று வந்துவிட்டால் ரெண்டு பக்கமும் இங்கிலீஷில்தான் இறங்குகிறார்கள்.) பாலிஷ் போடுகிறவர் ரெண்டு நாள் வரவில்லை. சனிக்கிழமை விடிகாலையில் 220 ஜோடிதான் போய்ச் சேர்கிறது, அதில் 12 ஜோடியில் கொக்கி லூஸ். வியாபாரி ஒரு வாய்ஸ் நோட் அனுப்புகிறார், நாற்பது நொடி, அதில் முப்பது நொடி திட்டு. கடைசியில், "உங்க மெசேஜ் என்கிட்ட இருக்கு. பாக்கிப் பணம் நான் தரமாட்டேன்." பட்டறைக் கணக்கு நோட்டைப் பார்த்தால் போன தடவை சரக்குக்கே அவர் இன்னும் கொஞ்சம் தர வேண்டியிருக்கிறது.

மாணவர் கையில் இருப்பது: அந்த மெசேஜ், வாய்ஸ் நோட்டின் எழுத்து வடிவம், கணக்கு நோட்டின் ஒரு பக்கம், பாலிஷ்காரர் சொன்ன ரெண்டு வரி. ஓனர் சொல்கிறார்: "பதினோரு மணிக்குள்ள அவருக்கு ஏதாச்சும் அனுப்பு. நான் பேசினா சண்டை ஆயிரும்."

இதில் எனக்குப் பிடித்த இடம் அந்தப் "பார்த்துரலாங்க". தமிழ் தெரிந்த யாருக்கும் அது சத்தியம் இல்லை என்று தெரியும், "முயற்சி செய்கிறேன், நம்பிக்கை இருக்கிறது, நெருக்காதே" என்பதெல்லாம் சேர்ந்த ஒரு சொல். மேனேஜர் அதை இங்கிலீஷில் போட்டதும் அது தேதி போட்ட வாக்குறுதி ஆகிவிட்டது. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத வாக்கியம், 80 ஜோடிக் கொலுசுக்கு உலை வைத்துவிட்டது. வகுப்பில் யாராவது ஒருவர் இதைக் கண்டுபிடிக்கிற வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். பெரும்பாலும் கடைசி பெஞ்சில், அப்பா கடையில் உட்கார்ந்து பழக்கப்பட்ட பையன்தான் கண்டுபிடிப்பான், முதல் பெஞ்சு அதுவரை "ஆஸ் பெர் யுவர் மெசேஜ்" சரியா "அஸ்" சரியா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

அதை எப்படி வகுப்பாக நடத்துவது? நேரம் எவ்வளவு?

தொண்ணூறு நிமிஷம் இருந்தால் நிம்மதி. கல்லூரி மணிக்கணக்கில் ஐம்பதுதான் கிடைக்கும் என்றால் ரெண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் அடைக்காதீர்கள்.

முதலில் படிப்பார்கள், பத்து நிமிஷம், தெரியாத சொல்லைக் கேட்கலாம். அப்புறம் நாலு நாலு பேராக உட்கார்ந்து யார் யாருக்கு என்ன வேண்டும் என்று பேசுவார்கள். இங்கேதான் நிறைய ஆசிரியர்கள் அவசரப்படுகிறார்கள், நேராக "கடிதம் எழுது" என்று போய்விடுகிறார்கள். வியாபாரிக்கு உண்மையில் என்ன பயம்? ஞாயிற்றுக்கிழமை வருகிற வாடிக்கையாளரிடம் முகம் கொடுக்க முடியாது என்பது. பணத்தை நிறுத்துவேன் என்பது அந்தக் கோபத்தின் கையில் இருக்கிற கம்பு. இதைப் பேசித் தெரிந்துகொண்ட குழு எழுதுகிற பதிலின் முதல் வரியே, "மீதி 80 ஜோடி எப்போது வரும், அதில் உங்களுக்கு நாளைக்கே எத்தனை தேவை?" என்று இருக்கும். பேசாமல் எழுதுகிற குழு பாலிஷ்காரர் வராத கதையை அரைப் பக்கம் எழுதும்.

பிறகு நடிப்பு. ஒருவர் வியாபாரி, ஒருவர் மேனேஜர், போனில் பேசுவதால் முதுகைக் காட்டி உட்காரச் சொல்வேன், முகம் பார்த்தால் சிரித்துவிடுகிறார்கள். வியாபாரியாக நடிப்பவருக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டு தனியாகக் கொடுப்பேன்: "உனக்கு இந்தப் பட்டறையை விட்டால் இந்த டிசைனுக்கு வேறு ஆள் இல்லை. ஆனால் அதை வெளியே சொல்லாதே." அந்த ஒரு சீட்டு பேச்சையே மாற்றிவிடும்.

கடைசி இருபது நிமிஷம் எழுதுவது. வாட்ஸ்அப் பதில்தான், ஆறு வரிக்கு மேல் கூடாது.

இங்கிலீஷுக்கு மட்டும்தான் இது பயன்படுமா?

இல்லை. தமிழில் வணிகம் பேசத் தெரியாதவர்கள் நம்மிடம் ஏராளம், இங்கிலீஷ் மோகத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை. கிழங்கு கேஸை நான் முழுக்கத் தமிழில்தான் நடத்துகிறேன். ஆத்தூர் பக்கத்து விவசாயி ஒரு லோடு குச்சிக்கிழங்கு (மரவள்ளி) சேகோ ஆலைக்குக் கொண்டுவருகிறார். மாதிரிக் கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று பார்த்துப் புள்ளிக் கணக்கில்தான் விலை. எடுத்த மாதிரியில் 24 காட்டுகிறது, "போன வாரம் இதே காட்டுக் கிழங்கு 27 வந்துச்சே" என்கிறார் அவர். ஆபீஸில் இருப்பது இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி, விவசாயிக்கு அப்பா வயது.

"உங்க கிழங்கு சரியில்லைங்க" என்று சொன்னால் அவ்வளவுதான், அவர் மண்ணையும் உழைப்பையும் சேர்த்துச் சொன்னதாக ஆகிவிடும். "மெஷின் காட்டுது, நான் என்ன பண்றது" என்றால் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற பேச்சு. ஒரு மாணவி சொன்ன பதில் இன்னும் என் நோட்டில் இருக்கிறது: "அய்யா, இந்த மாதிரியில இருபத்துநாலு காட்டுதுங்க. லோடுல நீங்களே கை வெச்சு இன்னொரு மாதிரி எடுத்துக் கொடுங்க, உங்க கண்ணு முன்னாலேயே பார்த்துருவோம்." குறை கிழங்கின் மேல் இல்லை, அந்த ஒரு மாதிரியின் மேல்தான் வைக்கிறாள், அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் அவர் கையிலேயே கொடுக்கிறாள். இதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பயிற்சி கிடையாது.

தமிழில் நன்றாகப் பேசுகிறவர்கள் இங்கிலீஷில் எழுதினால் ஏன் அதட்டுகிற மாதிரி இருக்கிறது?

நல்ல கேள்வி, இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நம் மரியாதை முழுக்க அந்த "ங்க"வில் இருக்கிறது. "இன்னைக்கு அனுப்பிருங்க" என்பது பணிவான வாக்கியம். அதையே சொல்லுக்குச் சொல் இங்கிலீஷ் ஆக்கினால் "சென்ட் இட் டுடே", "ங்க" வழியில் எங்கோ விழுந்துவிட்டது. முன்னால் ஒரு "ப்ளீஸ்" ஒட்டினாலும் கட்டளை கட்டளைதான். அங்கே மரியாதை "குட் யூ", "வுட் இட் பி பாசிபிள்" போன்ற சுற்று வழியில் வருகிறது, கேள்வியாக மாறி வருகிறது. இதை விதியாகச் சொன்னால் தலையாட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். கேஸில் வியாபாரியாக நடிக்கிற பையன் அந்த மெசேஜை வாங்கிப் படித்து முகம் சுளிக்கும்போது எழுதியவனுக்குத் தானாகப் புரியும்.

இன்னொரு பக்கம், "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" வியாதி, அதாவது "ஆவன செய்யவும்". மரியாதை குறைந்துவிடுமோ என்ற பயத்தில் எழுதுவது. எதைச் செய்ய வேண்டும் என்று மட்டும் அதில் இருக்காது. கணக்கு எழுதிய காலத்தில் நானே ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன்.

வகுப்பில் யாருமே வாய் திறக்கவில்லை என்றால்?

முதல் ரெண்டு வாரம் திறக்கமாட்டார்கள். அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்த பால் பிகர்ஸ் 1950களில் கொண்டுவந்த நிகழ்வு முறை. முழுக் கேஸையும் கொடுக்காமல் மூன்று நாலு வரி மட்டும் கொடுப்பது: "சனிக்கிழமை காலை. விஜயவாடா வியாபாரி பணம் தரமாட்டேன் என்கிறார். உங்களுக்குப் பதினோரு மணி வரை நேரம் இருக்கிறது." அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கையில். கேட்டால்தான் கிடைக்கும், கேட்டதற்கு மட்டும்தான் கிடைக்கும்.

மௌனமாக இருந்தால் கேஸே நகராது என்பதால் யாராவது ஒருவர் கேட்டே ஆக வேண்டும். "ஏன் லேட்?" என்று ஒருவன் கேட்பான், "ஆள் வரல" என்பேன், நிறுத்திவிடுவேன். "எந்த ஆள்?", "எத்தனை நாள்?", "அவருக்குப் பதில் வேற ஆள் இல்லையா?" என்று வரிசையாக வரும். கேள்வி கேட்பதுதான் நம் மாணவர்களுக்கு இங்கிலீஷில் ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் தமிழில் கேள்விக்காக வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. "வென் யூ வில் சென்ட்?" என்று வருவது அதனால்தான். இந்த விளையாட்டில் கால் மணி நேரத்தில் முப்பது கேள்வி கேட்டுவிடுகிறார்கள், வேறு எந்தப் பயிற்சியிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

நடுவில் தமிழில் பேசிக்கொள்ள விடலாமா?

விடுங்கள். குழுவாக யோசிக்கும்போது தமிழ், எதிராளியிடம் பேசும்போது இங்கிலீஷ். பட்டறையிலும் அப்படித்தான் நடக்கிறது. தமிழுக்கு அபராதம் போடுகிற வகுப்புகளில் யோசனையும் சேர்ந்து நின்றுவிடுகிறது.

பிழையை எப்போது திருத்துவது?

பேசும்போது திருத்தாதீர்கள். நான் பின்னால் உட்கார்ந்து ஒரு தாளில் குறித்துக்கொள்வேன், பேச்சு முடிந்ததும் ஐந்தாறு வாக்கியத்தைப் பெயர் போடாமல் போர்டில் எழுதிவிட்டு, "இதைப் படித்தால் வியாபாரி என்ன நினைப்பார்?" என்று கேட்பேன். எதிராளிக்கு வேறு அர்த்தம் கொடுக்கிற பிழை முதலில். இங்கிலீஷில் "தி", "எ" போன்ற சின்னச் சொல் விட்டுப்போனது அப்புறம். நேரம் இல்லையென்றால் அது போகட்டும்.

பெரிய கம்பெனிகளின் உண்மைக் கதையைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதை என்றால் வகுப்பு செத்துவிடும். 1982-ல் சிகாகோவில் டைலனால் மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தது, கம்பெனி ஏறக்குறைய 3 கோடி பாட்டிலைத் திரும்ப வாங்கியது, இதைத் தகவல் தொடர்பு வகுப்புகளில் வருஷக்கணக்கில் நடத்துகிறார்கள். நல்ல கதைதான், ஆனால் கம்பெனியை மெச்சுகிற கதையாகவே கைக்கு வருகிறது, மாணவர் பேசுவதற்கு இடமே இல்லை.

மேகி நூடுல்ஸ் கதை பரவாயில்லை. 2015 ஜூன் மாதம், ஈயம் அளவுக்கு மேல் இருக்கிறது என்ற பிரச்சினையில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் திரும்பப் பெறச் சொன்னது, அதோடு பாக்கெட்டின் மேல் இருந்த "நோ ஆடட் எம்.எஸ்.ஜி." (எம்.எஸ்.ஜி. என்பது சுவை கூட்டுகிற உப்பு) என்ற வரியும் தப்பான எண்ணம் தருகிறது என்றது. தமிழ்நாட்டிலும் அப்போது தடை. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது, புதிதாகச் சோதனைகள் முடிந்து நவம்பரில் மறுபடி கடைக்கு வந்தது. இதை நான் கம்பெனித் தலைவரின் இடத்திலிருந்து நடத்துவதில்லை. ஜூன் மாதம் அம்மாபேட்டையில் கடை கடையாக ஏறி பாக்கெட்டைத் திரும்ப வாங்குகிற சேல்ஸ் பையன், கடைக்காரர் "அப்ப இத்தனை நாள் என்னத்தைய்யா வித்தீங்க?" என்கிறார், அவன் என்ன சொல்வான்? கம்பெனி எதையும் தெளிவாகச் சொல்லாத நாள் அது. அவனால் உறுதியாகச் சொல்ல முடிந்தது என்ன, சொல்லக் கூடாதது என்ன? "எம்.எஸ்.ஜி. இல்லை" என்பதற்கும் "எம்.எஸ்.ஜி. சேர்க்கவில்லை" என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம்.

உள்ளூர்க் கதையென்றால் ஆட்களுக்குத் தெரிந்துவிடாதா?

தெரிந்துவிடும், பட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் செவ்வாய்ப்பேட்டைக் கடை ஒன்றில் நடந்ததைப் பெயரை மட்டும் மாற்றி கேஸ் ஆக்கினேன். படித்து முடித்ததும் ஒரு பையன் எழுந்து, "சார், இது எங்க சித்தப்பா கடை சார்" என்றான். அவன் சொன்ன விதத்தில் கோபம்கூட இல்லை, அதுதான் ரொம்ப சங்கடமாக இருந்தது. அன்றிலிருந்து மூன்று கடைக் கதைகளைக் கலந்து, சரக்கை மாற்றி, ஊரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். தொகையைக் கட்டாயம் மாற்றுங்கள், ஊரில் ஆட்கள் பெயரை விடத் தொகையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

கேஸுக்கு விஷயம் எங்கே தேடுவது?

தேடவே வேண்டாம், காது இருந்தால் போதும். லீ பஜாரில் காலை நேரம் அரைமணி நின்றால் ரெண்டு கேஸ் கிடைக்கும். லாரி புக்கிங் ஆபீஸில் சரக்கு நனைந்துவிட்டது என்று வருகிற போன். இளம்பிள்ளையில் சேலை கலர் மாறிப்போய்த் திரும்பி வருகிற பண்டல். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதை வெளிநாட்டு வாங்குபவருக்கு நூறு சொல்லில் அறிமுகம் செய் என்றால், "உலகப் புகழ் பெற்ற" என்று ஆரம்பிக்காமல் எழுதவைப்பதற்கே ரெண்டு வகுப்பு ஆகிவிடும். மலை மேலே போனால் காபி. 1820களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்த செடி, இன்றைக்கும் எஸ்டேட்காரருக்கும் வியாபாரிக்கும் கொட்டை காய்ந்ததா, ஈரம் இருக்கிறதா என்ற பேச்சு ஒவ்வொரு சீசனிலும் உண்டு.

மாணவர்களையே எழுதிவரச் சொன்னால் இன்னும் நல்லது. வீட்டில் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்பதால் அப்பாவோடு அரைமணி பேசுகிறார்கள்.

மார்க் எப்படிப் போடுவது? சரியான விடை இல்லையே?

விடைக்கு மார்க் போடாதீர்கள். நான் பார்ப்பது, இந்தப் பதிலைப் படித்தவருக்கு அடுத்து தான் என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறதா. அப்புறம், நம்மால் காப்பாற்ற முடியாத வாக்கு ஏதாவது அதில் நுழைந்திருக்கிறதா. பத்துக்கு ஏழு மார்க் இதற்கே போய்விடும். பல்கலைக்கழகத் தேர்வுக்கு வேறு கணக்கு இருக்கும், அதற்குத் தேர்வுக்கு முந்தின மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

நண்பர் ஒருவர், பட்டறை வைத்திருப்பவர், வருஷத்துக்கு ஒருமுறை வந்து பதில்களைப் படிப்பார். அவர் போடுகிற மார்க்கும் நான் போடுகிற மார்க்கும் ஒத்துப்போனதே இல்லை. அவர் பக்கம்தான் சரி என்று இப்போது தோன்றுகிறது.

சாட்ஜிபிடி ஆறு நொடியில் எழுதிக்கொடுத்துவிடுகிறது. இனி இதெல்லாம் எதற்கு?

எழுதிக்கொள்ளட்டும், நான் தடுப்பதில்லை. ஒருமுறை ஒரு பையன் அதில் எழுதிவந்த கடிதம், மதிப்புமிக்க நீண்டகால உறவு என்றெல்லாம் ஆரம்பித்து ஒரு பக்கத்துக்கு இருந்தது. மேலே சொன்ன நண்பர் படித்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, மீதி எண்பது ஜோடி எப்ப வரும்னு எங்க எழுதியிருக்க?" என்றார். கணக்கு நோட்டில் இருந்த பழைய பாக்கியை அவன் அதற்குச் சொல்லவே இல்லை, அது எப்படி எழுதும்? எதைச் சொல்ல வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை அவனுடையதுதான். அதோடு நான் இன்னொன்றும் செய்கிறேன்: கடிதம் கொடுத்த அடுத்த நிமிஷம் வியாபாரி போன் செய்வார். போனில் அவனேதான் பேச வேண்டும்.

படிப்பு குறைவான பட்டறை ஆட்களுக்கு இது ஒத்துவருமா?

கல்லூரிப் பிள்ளைகளை விட நன்றாக ஒத்துவரும். கேஸை நான் வாயால் சொல்லிவிடுவேன், வாய்ஸ் நோட்டைப் போட்டுக் காட்டுவேன். விஷயத்தில் அவர்கள்தான் எனக்கு வாத்தியார். மொழி மட்டும் என் பங்கு.

ஒரு பருவத்துக்கு எத்தனை கேஸ்?

ஆறு. எட்டு வைத்துப் பார்த்தேன், அவசரம் ஆகிவிட்டது.

நாளைக்கே ஆரம்பிக்க ஒரு கேஸ் கொடுங்கள்.

இதை எடுத்துக்கொள்ளுங்கள், இதுவும் கற்பனைதான், உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஏற்காடு, மே மாதம், கோடை விழா நடக்கிறது. ஒரு சின்ன ஹோம்ஸ்டே, ஒரே ஒரு அறை காலி. சாயங்காலம் நாலரை மணி, வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஒரே நேரத்தில் ரெண்டு குடும்பம் வந்து நிற்கிறது. ஒன்று பெங்களூர்க் குடும்பம், தமிழ் தெரியாது, ஆப்பில் புக் செய்து 2,000 ரூபாய் கட்டியிருக்கிறார்கள். இன்னொன்று சென்னையிலிருந்து. ஓனருக்குத் தெரிந்தவர்கள், பணம் எதுவும் கட்டவில்லை, போன வாரம் போனில் பேசியபோது அவர் "வாங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்ததில் அவர்களுடைய பாட்டிக்கு வாந்தி, நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். ஓனர் கீழே சேலத்துக்குப் போயிருக்கிறார், போன் கிடைக்கவில்லை. கவுண்டரில் இருக்கிற பெண் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. மேசை மேல் சாவி ஒன்று இருக்கிறது, ரெண்டு குடும்பமும் அதைப் பார்த்துவிட்டது.

அவள் முதலில் யாரைப் பார்த்துப் பேச வேண்டும்? ஒவ்வொரு குடும்பத்திடமும் அவள் சொல்லப்போகிற முதல் ரெண்டு வாக்கியத்தை எழுதுங்கள், சென்னைக் குடும்பத்துக்குத் தமிழில், பெங்களூர்க் குடும்பத்துக்கு இங்கிலீஷில். ஓனரின் "பார்த்துக்கலாம்" பற்றி அவள் வாய் திறக்கலாமா கூடாதா என்று குழுவில் பேசிவிட்டு எழுதுங்கள். பத்து நிமிஷம்.